சொன்னாரா, ஒப்புக்கொண்டாரா?

எங்கள் பங்கில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, மாலைச் செபமாலை முடிந்தபின் பங்கு இல்லத்துத் திண்ணையில் அமர்ந்து பாடம் படிப்பது வழக்கம். வீட்டில் விசைத்தறி ஓடும் ஓசையில் படிக்க முடியவில்லை என்பது அவள் சொல்லும் காரணம். இங்கே மின்விசிறி உண்டு என்பது சொல்லாத காரணம். ஒருநாள் ஆங்கில இலக்கணப் பயிற்சி ஒன்றை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றும் பயிற்சி அது. நம்மில் பலர் இளமையில் கண்ணீரோடு கடந்துவந்த பாடம்.

ஒருவர் பேசியதை, மேற்கோள் குறிகளை நீக்கிவிட்டு, நம் வாய்மொழியாக எடுத்துரைக்க வேண்டும். தலைமையாசிரியர் மாணவனை உட்காரச் சொன்னார் என்றால், 'செட்' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'ஆர்டர்டு' என்று எழுத வேண்டும். வேலையாள் முதலாளியிடம் விடுப்புத் தரச் சொன்னால் அது 'ரெக்வெஸ்டெட்'. மருத்துவர் நோயாளியிடம் சொன்னால் 'அட்வைஸ்டு'. சிறுமியின் ஐயம் இதுதான்: "எல்லாத்துக்கும் செட்டுன்னே போட்டா மார்க்கு குடுக்க மாட்டாங்களா, ஃபாதர்? அவரு சொன்னதுதானுங்களே?"

"மார்க்கு வராது" என்றேன்.

"அவரு கட்டளை போட்டாரா, கேட்டுக்கிட்டாரான்னு நமக்கு எப்படிங்க தெரியும்?"

எனக்கு உடனே விடை வரவில்லை. பாடநூலின் விடை எளிது. பேசுபவர் பெரியவரா, சிறியவரா என்று பார். வினைச்சொல் தானே வந்துவிடும். இதற்காக ஆங்கிலத்தைக் குறை சொல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியரும் சொல்லதிகாரத்தில் 'ஈ', 'தா', 'கொடு' என்னும் மூன்று சொற்களை இவ்வாறே பிரித்து வைத்திருக்கிறார். தாழ்ந்தவர் உயர்ந்தவரிடம் இரக்கும்போது ஈ என்பார். ஒத்தவர் ஒத்தவரிடம் தா என்பார். உயர்ந்தவர் தாழ்ந்தவரிடம் கொடு என்பார். ஆனால் இங்கே ஒரு வேறுபாட்டைக் காணத் தவறலாகாது. தொல்காப்பியர் காட்டுவது, கேட்பவர் தாமே தம் வாயால் தேர்ந்துகொண்ட சொல். ஆங்கிலப் பயிற்சியில் வருவதோ, பேசியவர் தேர்ந்துகொள்ளாத சொல். தலைமையாசிரியர் வாயில் 'கட்டளை' என்னும் சொல் இல்லை. வேலையாள் வாயில் 'வேண்டுகோள்' என்னும் சொல் இல்லை. அருகிருந்து கேட்ட நாம் அவற்றை அவர்கள் பேச்சின்மீது ஒட்டி அனுப்புகிறோம். அவ்வாறு ஒட்டுவதற்கு நமக்கு எவ்வளவு உரிமை உண்டு? சிறுமி கேட்டது இலக்கணக் கேள்வி அன்று என்று அன்றிரவு எனக்குப் பட்டது. அதற்கு என் பழைய குற்றம் ஒன்றும் காரணம். அதற்குச் சற்றுப் பின்னர் வருகிறேன்.

ஆங்கிலத்தில் பேச்சைக் குறிக்கும் அடிப்படை வினைகள் நான்கு: சே, டெல், ஸ்பீக், டாக். 'சே' என்பதற்குச் சொல்லப்பட்ட செய்தியே முதன்மை. 'டெல்' என்பதற்கு எதிரில் ஒருவர் வேண்டும். எவரிடம் என்று குறிக்காமல் அவ்வினை பெரும்பாலும் நிற்பதில்லை. 'ஸ்பீக்' குரலையும் மொழியையும் அவையையும் நினைவூட்டும். 'டாக்' இருவர் மாறிமாறிப் பேசுவது. இவ்வளவு வேலையையும் அன்றாடத் தமிழில் 'சொல்', 'பேசு' என்னும் இரண்டே சொற்கள் செய்துவிடுகின்றன. சொன்னார் என்றால் 'என்ன' என்று கேட்கிறோம். பேசினார் என்றால் 'யாரோடு' என்று கேட்கிறோம். நம் கொங்கு நாட்டில் திருமணத்தைப் பேசி முடிக்கிறோம், சொல்லி முடிப்பதில்லை. துக்கச் செய்தியைச் சொல்லி அனுப்புகிறோம், பேசி அனுப்புவதில்லை.

இந்த 'டெல்' என்பதற்குப் பழைய பொருள் எண்ணுதல். வங்கியில் பணத்தை எண்ணித் தருபவருக்கு 'டெல்லர்' என்று பெயர் வந்தது அதனால்தான். செபமாலை மணிகளை ஒவ்வொன்றாக எண்ணி உருட்டுவதற்கும் பழைய ஆங்கிலத்தில் இதே வினை வழங்கியது. அவர்கள் செபமாலையை எண்ணினார்கள். நாம் செபமாலை சொல்லுகிறோம். (எண்ணிக்கை தவறுவது இரு சாராருக்கும் பொது.) ஒருவரிடம் ஒன்றைச் சொல்வது, அவர் கையில் கணக்கை எண்ணி ஒப்படைப்பது போன்றது என்னும் நினைவு இச்சொல்லின் அடியில் கிடக்கிறது.

நம்முடைய மரபில் பேச்சைக் குறிக்கும் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பெருந்துறையை அடுத்த சீனாபுரத்தவர் என்று கொங்கு நாட்டார் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவர், தம் நன்னூலில் 'சொல்' என்னும் பொருள் தரும் சொற்களை ஒரே நூற்பாவில் அடுக்கியிருக்கிறார். உரை, மொழி, செப்பு, விளம்பு, பகர்ச்சி, அறை, கூற்று, இயம்பல் முதலியன அதில் அடங்கும். வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் இயற்றிய சதுரகராதியிலும், ஒரு பொருளுக்கு உரிய பல சொற்களைத் தொகுத்துத் தருவதற்கென்றே ஒரு பகுதி உண்டு. இச்சொற்களெல்லாம் ஒரு பொருளன என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஆயினும் ஒவ்வொன்றையும் சற்றுத் திருப்பிப் பார்த்தால் அதன் மறுபக்கம் வேறாக இருக்கிறது. உரைத்தல் என்பது பொன்னைக் கல்லில் தேய்த்து மாற்றுக் காண்பதும் ஆகும். பகர்தல் விற்பதும் ஆகும். சங்க இலக்கியத்தில் உப்பையும் பூவையும் பகர்ந்தார்கள். விளம்புதல் இலையில் உணவு பரிமாறுவது. தெற்கே சில ஊர்களிலும் மலையாளத்திலும் அவ்வழக்கு இன்றும் உண்டு. அறைதல் பறையையும் அறையும், கன்னத்தையும் அறையும். கூறுதல் என்பதில் துண்டாக்குதல் இருக்கிறது. சந்தையில் தக்காளியைக் கூறு வைப்பது அந்தக் கூறுதான். உடலையும் உயிரையும் பிரிக்கும் எமனுக்குக் கூற்று என்று பெயர். தேய்த்தல், விற்றல், பரிமாறுதல், அடித்தல், பிளத்தல் ஆகிய இத்தனையும் நாவால் செய்யக்கூடியவை என்று நம் முன்னோர் அறிந்திருந்தனர் போலும்.

இனி என் குற்றத்திற்கு வருகிறேன்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு பங்கில், திருவிழாக் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஒரு பெரியவரிடம் இருந்தது. பஞ்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒரு ரூபாய் நாணயத்தையும் காகிதத்தில் பொதிந்து அதன்மேல் தொகையை எழுதி வைப்பவர். திருவிழா முடிந்தபின் கூடிய பங்குப்பேரவைக் கூட்டத்தில், எவரும் எதுவும் கேட்குமுன்னரே அவர் எழுந்து நின்றார். "பத்து ரசீதுப் புஸ்தகம்னு சாமி சொன்னாருங்க. எங்கிட்ட ஒம்பதுதானுங்க இருக்குது. ஒண்ணைக் காணோமுங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கோணும்னு சொல்றனுங்க" என்றார். அமர்ந்தார். கூட்டம் அடுத்த பொருளுக்குச் சென்றது.

கூட்டக் குறிப்பை ஆங்கிலத்தில் எழுதுவது அப்போது எங்கள் வழக்கம். தணிக்கையாளருக்கு ஒரு படி போக வேண்டும் என்பதால் அந்த ஏற்பாடு. இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதினேன். முதல் பத்தியில் 'செட்' என்று மூன்று முறை எழுதியாகிவிட்டது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதினால் நடை சோர்ந்துவிடும் என்று கல்லூரியில் கற்பித்திருந்தார்கள். ஆகவே நான்காவது இடத்தில், பெரியவரின் பேச்சு வந்தபோது, 'அட்மிட்டெட்' என்று எழுதினேன். ஒரு ரசீதுப் புத்தகம் காணாமற் போனதை அவர் ஒப்புக்கொண்டார்.

நடையழகுக்காக எழுதினேன் என்று இவ்வளவு காலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அது பாதி உண்மை. எழுதும்போது உள்ளத்தின் ஓர் ஓரத்தில் ஐயம் ஒன்று தலைகாட்டவில்லை என்று நான் ஆணையிட மாட்டேன்.

குறிப்பு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பெரியவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஞாயிறு திருப்பலிக்கு வந்த மகள்வழிப் பேரன் படித்துச் சொன்னான்: "ஒத்துக்கிட்டீங்கன்னு போட்டிருக்குதுங்க அப்புச்சி." அடுத்த ஞாயிறு காணிக்கைத் தட்டு ஏந்த அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. இரண்டு மாதத்திற்குப் பிறகு அச்சகப் பட்டியலைக் கோப்பில் வைக்க எடுத்தபோது பார்த்தேன். ஒன்பது புத்தகங்கள் என்றே அதில் தெளிவாக எழுதியிருந்தது. பத்து என்று பிழையாக நினைவில் வைத்திருந்து, அனைவரிடமும் பத்து என்று சொன்னவன் நான். காணாமற் போனதாகச் சொல்லப்பட்ட புத்தகம் அச்சாகவே இல்லை.

அன்று மாலையே அவர் வீட்டிற்குப் போனேன். நாற்காலி போட்டு மோர் கொடுத்தார்கள். பட்டியலைக் காட்டினேன், மன்னிப்புக் கேட்டேன். புத்தகம் பற்றிய செய்தியில் அவர் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நான் சொன்னனுங்க சாமி. ஒத்துக்கலீங்க."

அந்த இரண்டு வாக்கியங்களுக்கு உரை எழுத நான் கற்ற இறையியல் முழுவதையும் கூட்டிப் பார்த்தேன். 'அட்மிட்' என்னும் ஆங்கிலச் சொல் இலத்தீனிலிருந்து வந்தது. உள்ளே விடுதல் என்பது அதன் பொருள். பள்ளியில் பிள்ளைக்கு அட்மிஷன் கிடைத்தது என்றும், நோயாளியை மருத்துவமனையில் அட்மிட் செய்தார்கள் என்றும் நாம் சொல்வது அந்த நேர்ப்பொருளில்தான். வாசலில் நின்று தட்டும் ஒன்றை, இனியும் தடுக்க இயலாமல், கதவைத் திறந்து உள்ளே விடுவதே ஒருவர் உண்மையை 'அட்மிட்' செய்வது. பெரியவர் கதவை எவரும் தட்டவில்லை. அவர்தாம் கதவைத் திறந்து வெளியே வந்தார்.

தமிழ்ச் சொல் இன்னும் கூர்மையானது. ஒப்புக்கொள்ளுதல் என்பதில் 'ஒப்பு' இருக்கிறது. புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்தில் அறிக்கையிடுதலைக் குறிக்கும் 'ஹோமொலொகேயோ' என்னும் வினையும் இதே அமைப்பு உடையது. 'ஹோமோ' என்றால் ஒத்த, பின்பாதி சொல்லுதல். அதையே சொல்லுதல், ஒத்துச் சொல்லுதல் என்பது வேர்ப்பொருள். குருமடத்தில் இதைக் கற்றபோது, கடல் கடந்த இரண்டு மொழிகள் ஒரே உருவகத்தைக் கண்டனவே என்று வியந்ததோடு விட்டுவிட்டேன். பெரியவர் வீட்டு முற்றத்தில்தான் அதன் பொருள் விளங்கியது. ஒத்துச் சொல்வதற்கு முன்னே இன்னொரு சொல் இருக்க வேண்டும். ஒருவர் குற்றம் சாட்டியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் அதனோடு ஒத்துப்போக முடியும். அன்று அவர்மீது எவரும் குற்றம் சாட்டவில்லை. ஆயினும் அவர் ஒப்புக்கொண்டார் என்று நான் எழுதியவுடன், எவரும் சாட்டாத குற்றம் ஒன்று பின்னோக்கிப் பிறந்துவிட்டது. அவர் சொன்ன சொற்களில் ஒன்றைக்கூட நான் மாற்றவில்லை. ஒரு வினையைத்தான் மாற்றினேன்.

குற்றம் 'சாட்டுதல்' என்னும் சொல்லும் நம் பகுதியில் தனி ஒலி உடையது. அம்மன் கோயில் நோன்பை ஊரறிய அறிவிப்பதைப் பூச்சாட்டு என்கிறோம். 'நோம்பி சாட்டியாச்சு' என்றால் ஊர் முழுவதும் அதற்குக் கட்டுப்பட்டது என்று பொருள். ஆண்டவரைப் பிலாத்துவின் முன் நிறுத்தியவர்கள் குற்றம் சாட்டியதை நற்செய்தியாளர்கள் குறிக்கும் கிரேக்க வினையின் உள்ளேயும் ஊர்ச் சந்தி, பொதுக்கூடம் என்னும் பொருளுடைய 'அகொரா' இருக்கிறது. ஊர் கூடும் இடத்தில் ஒருவருக்கு எதிராகப் பேசுவதே குற்றம் சாட்டுதல். எங்கள் அறிவிப்புப் பலகையும் கோயில் வாசலில், எல்லாரும் செருப்புக் கழற்றும் இடத்திலேதான் இருந்தது.

ஒப்புக்கொள்வதை மானக்கேடான வினையாக மட்டும் நான் பேசுவதாக எண்ணிவிடலாகாது. நம் முன்னோர் ஒப்புரவு அருளடையாளத்தைப் 'பாவசங்கீர்த்தனம்' என்று அழைத்தார்கள். வடமொழியில் சங்கீர்த்தனம் என்பதற்குப் புகழ்ந்து பாடுதல் என்றும் பொருள். பாவத்தைச் சொல்வதில் கீர்த்தனம் எங்கிருந்து வந்தது என்று இளமையில் நகைத்ததுண்டு. பின்னர்ப் புனித அகுஸ்தினாரைப் படித்தபோது வாயடைத்துப் போனேன். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதத் தொடங்கிய நூலின் பெயர் இலத்தீனில் 'கொன்ஃபெஸ்ஸியோனெஸ்'. அவர் அச்சொல்லைக் குற்றத்தை அறிக்கையிடுவதற்கும் இறைவனைப் புகழ்வதற்கும் ஒருசேர ஆளுகிறார். மத்தேயு நற்செய்தியின் பதினோராம் அதிகாரத்தில் ஆண்டவர் தம் தந்தையைப் போற்றும் இடத்தில் பழைய இலத்தீன் விவிலியம் இடும் வினையும், திருப்பலித் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிக்கொண்டு பாவத்தை அறிக்கையிடும் செபத்தின் முதற்சொல்லும் ஒன்றே. ஆனால் இந்த வினையை ஒருவர் தம்மைப் பற்றித் தாமே சொல்லிக்கொள்ள வேண்டும். பிறர் அவருக்காக அதைச் சொல்லும்போது அதில் கீர்த்தனம் இல்லாமற் போய்விடுகிறது. பாவம் மட்டுமே எஞ்சுகிறது.

நாட்டின் சட்டமும் இந்த நுட்பத்தை ஓரளவு அறியும். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், காவல் அதிகாரியிடம் ஒருவர் செய்ததாகச் சொல்லப்படும் குற்ற ஒப்புதலை அவருக்கு எதிராக மெய்ப்பிக்கலாகாது என்று விலக்கியது. அச்சட்டத்திற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் அவ்விதியைக் காத்துவைத்திருக்கிறது. ஆயினும் கைது நடந்த மறுநாள் காலைச் செய்தியில், குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று படித்துவிட்டுத் தேநீர் அருந்துகிறோம். நீதிமன்றம் ஏற்காததை நம் காலைப் பொழுது ஏற்றுக்கொள்கிறது.

பிலாத்துவின் கேள்விக்கு ஆண்டவர் தந்த விடையை இந்த வெளிச்சத்தில் மீண்டும் படித்துப் பாருங்கள். யூதரின் அரசரா என்று ஆளுநர் வினவுகிறார். ஆம் என்றோ இல்லை என்றோ ஆண்டவர் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது நீரே என்னும் கருத்துப்பட, மிக எளிய 'சொல்' என்னும் வினையால் விடையிறுக்கிறார். விடை எட்டு வகை என்று நன்னூலார் வகுத்திருக்கிறார். இது எந்த வகை என்று தேடிப் பார்த்தேன், எதிலும் முழுமையாக அடங்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெயர்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று, தெளிவு கருதி அந்த விடையின் தலைப்பில் 'ஆம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மத்தேயு, மாற்கு நற்செய்திகளில் அதை நீக்கினார்கள். இடைப்பட்ட காலத்தில் அதைப் படித்தவர்களுக்கு ஆண்டவர் ஒப்புக்கொண்டவராகவே தோன்றியிருப்பார். மொழிபெயர்த்தவர்கள் நல்ல மனத்தோடுதான் செய்திருப்பார்கள். நானும் அன்றிரவு நல்ல மனத்தோடுதான் எழுதினேன்.

இந்தத் தீங்கு எல்லார்மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரிய இடத்தில் இருப்பவர் பேசினால் கருத்துத் தெரிவிக்கிறார், விளக்கம் அளிக்கிறார், வலியுறுத்துகிறார். எளியவர் பேசினால் புலம்புகிறார், முறையிடுகிறார், உளறுகிறார். ஆண் ஒருவர் கூட்டத்தில் மூன்று முறை எழுந்தால் வாதாடினார் என்போம். அன்பியக் கூட்டத்தில் பெண் ஒருத்தி இரண்டு முறை எழுந்தால் வாயாடினாள் என்போம். திருச்சபையினராகிய நாங்களும் விலக்கல்லர். பழைய ஏடுகளில் ஆயர் பேசவே மாட்டார், திருவாய் மலர்ந்தருளுவார். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கூலி உயர்வு வேண்டிக் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் கூலிக்கு நெய்யும் விசைத்தறியாளர்கள் வாரக்கணக்கில் தறிகளை நிறுத்தியபோது, எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் இரண்டு வகைப் பேச்சைக் கேட்டேன். ஒரு மேசையில் அவர்கள் கூலி கேட்டார்கள். அடுத்த மேசையில் அவர்களே அடம்பிடித்தார்கள். இரு மேசையிலும் செய்தி ஒன்றே. தறி ஓடாத ஊரின் அமைதியில் அந்த இரண்டு வினைகளும் வெகுதொலைவு கேட்டன.

அப்படியானால் எல்லா இடத்திலும் 'சொன்னார்' என்று எழுதிவிட்டால் போதுமா? போதாது. குடித்துவிட்டு வந்து மனைவியைக் கொன்றுவிடுவதாகக் கத்தியவனைப் பற்றி, அவன் இவ்வாறு சொன்னான் என்று எழுதுவது நடுநிலை ஆகாது; அது கோழைத்தனம். அவன் மிரட்டினான். தேர்தல் மேடையில் அறிந்தே பொய் பேசியவர் பொய் பேசினார். இன்னும் கசப்பான ஒன்றும் உண்டு. திருப்பணியாளர்களால் துன்புற்ற பிள்ளைகளும் பெற்றோரும் வாய் திறந்தபோது, பல நாடுகளில் திருச்சபை அதிகாரிகள் அதை வதந்தி என்றும் அவதூறு என்றும் கோப்பில் எழுதி மூடினார்கள். அங்கே 'அவர்கள் சொன்னார்கள்' என்று எழுதியிருந்தாலே ஒருவேளை யாராவது எழுந்து போய் விசாரித்திருப்பார்கள். வெற்றுச் 'சொன்னார்' சில வேளைகளில் உண்மையை மறைக்கும். சில வேளைகளில் அதுவே உண்மைக்குத் திறந்திருக்கும் ஒரே வாசலாகவும் அமையும்.

எப்போது எது என்று பிரித்தறிய வாய்பாடு எதுவும் என்னிடம் இல்லை. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், பொய்ச்சான்று விலக்கும் எட்டாம் கட்டளையை விளக்கும் இடத்தில், போதிய அடிப்படையின்றிப் பிறர்மீது குற்றத்தை உள்ளத்தால் ஏற்பதையே பாவமாகக் குறிக்கிறது. வாய் திறக்கும்வரைகூடக் காத்திருக்கவில்லை. அதே இடத்தில் புனித இஞ்ஞாசியாரின் அறிவுரை ஒன்றையும் எடுத்தாளுகிறது. 1548இல் அச்சேறிய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் தொடக்கத்தில் அவர் அதை வைத்திருக்கிறார். அயலார் சொன்னதற்கு நல்ல பொருள் கொள்ள முந்த வேண்டும். அது கைகூடாவிட்டால், அவர் எந்தக் கருத்தில் அதைச் சொன்னார் என்று அவரிடமே கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். போர்வீரராயிருந்து துறவியானவர், பயிற்சி அளிப்பவரும் பெறுபவரும் அமரும் அறையின் வாசலில் இதை எழுதி மாட்டினார் என்பது எண்ணத்தக்கது. பெரியவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். பங்கு இல்லத்திலிருந்து அவர் வீடு ஐந்து நிமிட நடைதான்.

இதில் தமிழுக்கு இயல்பாக வாய்த்த நன்மை ஒன்று உண்டு. ஆங்கில வாக்கியத்தில் ஒப்புக்கொண்டார், மறுத்தார், கூறிக்கொண்டார் என்னும் வினை வாசலிலேயே நின்றுகொள்கிறது. அதன் முகத்தைப் பார்த்த பின்னரே பேசியவரின் சொற்களைக் கேட்கிறோம். தமிழில் பேசியவரின் சொற்கள் முதலில் வருகின்றன. அடுத்து 'என்று' வருகிறது. எடுத்துரைப்பவரின் வினை எல்லாவற்றிற்கும் பின்னால், வாக்கியத்தின் கடைசியில் வருகிறது. அந்த 'என்று' கூடச் சொல்லுதலைக் குறிக்கும் 'என்' என்னும் பழம்பெரும் வினையிலிருந்து பிறந்ததே. நிறமோ மணமோ இல்லாத வினை அது. முன்னோர் கருத்துகளை எடுத்துரைக்கும்போது தொல்காப்பியர் 'என்ப' என்றும் 'என்மனார்' என்றும் நூல் நெடுக அதையே ஆளுகிறார். புலவர்கள் வற்புறுத்தினர் என்றோ வாதிட்டனர் என்றோ அவர் ஏற்றிச் சொல்வதில்லை. நமக்கோ செய்தித்தாளும் அலுவலகமும் புகட்டிய அவசரத்தில் இந்த நிதானம் தேய்ந்துவருகிறது. 'அவர் ஒத்துக்கிட்டாருங்க, என்னன்னா' என்று ஆங்கிலம் போலவே வினையை முன்னிழுத்துக்கொண்டு பேசத் தொடங்கிவிட்டோம்.

திண்ணையில் அமர்ந்திருந்த சிறுமிக்கு இவற்றையெல்லாம் நான் சொல்லவில்லை. 'ஆர்டர்டு' என்றே எழுதும்படி சொன்னேன். தேர்வு அவளுடையது, மனச்சான்றின் உறுத்தல் என்னுடையது. எழுதி முடித்துவிட்டு, "இப்ப நீங்க எங்கிட்ட ஆர்டர் போட்டீங்களா, அட்வைஸ் பண்ணுனீங்களா ஃபாதர்?" என்று கேட்டாள். அது எனக்கே தெரியவில்லை.

பெரியவர் அன்று என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தார். குறிப்பேட்டில் அந்தச் சொல்லை அடித்துவிடுகிறேன் என்றேன். அடித்தால் மட்டும் போதாது, திருத்தியதைக் கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி தமிழில் வாசிக்க வேண்டும் என்றார். அடுத்த மாதக் கூட்டத்தில், செபம் முடிந்தவுடன், முதல் வேலையாக அதை வாசித்தேன். இன்னார் எழுந்து, தம்மிடம் ஒன்பது புத்தகங்களே இருக்கின்றன என்று சொன்னார், பத்து என்று முன்னர்ச் சொன்னது பங்குத்தந்தையின் பிழை, அச்சானவை ஒன்பதே. அவர் கடைசி வரிசையில் சுவரோரமாக அமர்ந்திருந்தார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். 'சொன்னார்' என்னும் இடத்தில் தலையை ஒருமுறை அசைத்தார். பிறகு எவரோ ஒருவர், கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்கு வெள்ளையடிப்பது பற்றிப் பேசத் தொடங்கினார்.